கல்வராயன் மலைக் காய்ச்சலும் சுப்பாராவின் மாத்திரையும்: பாக்டீரியாவை மருந்து எப்படி அடையாளம் கண்டு அடிக்கிறது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலையேறினால் வெள்ளிமலை. அதுதான் கல்வராயன் மலையின் முக்கிய ஊர். மழை விட்டு, குளிர் தொடங்கும் மாதங்களில் இதுபோன்ற மலை, மலையடிவாரப் பகுதிகளில் மருத்துவர்கள் ஒரு காய்ச்சலைக் கவனமாகத் தேடுவார்கள். பெயர் ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது. ஆடு மேய்க்கப் போனவர், விறகு வெட்டப் போனவர், காட்டில் களையெடுத்தவர் என யாருக்கும் வரலாம்.

காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி எல்லாம் இருக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி. அடுத்து அவர் எழுதுவது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின். நேரத்தோடு கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போகும், உயிரும் போகலாம்.

இதில் ஒரு கேள்வி இருக்கு. பாக்டீரியா என்றாலே பென்சிலின் என்றுதானே படித்தோம்? இந்தக் காய்ச்சலுக்கு ஏன் பென்சிலின் கொடுப்பதில்லை? பதில், பாக்டீரியா செல்லின் உடலமைப்பில் இருக்கு. டாக்ஸிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து வெளிவந்த ஆய்வகத்தை நடத்தியவரோ, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஓர் இந்தியர். அவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கு. வருவாய்த் துறையில் இருந்த அப்பா உடல்நலம் குன்றிச் சீக்கிரமே வேலையை விட்டார். ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. பணம் பற்றாது. 13 வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது திட்டம். அம்மா வெங்கம்மா பாதி வழியிலேயே பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளியில் சேர்த்துவிட்டார்.

படிப்பிலும் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவைதான் தேறினார். அதுவும் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து. பிறகு மாநிலக் கல்லூரி. துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர ஆசைப்பட்டார், அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் சேவையும் செய்யலாமே என்ற யோசனையில்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் போனார்.

அங்கேயும் ஒரு வம்பு. காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் கைக்கு வந்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை, அதற்குக் கீழே மதிக்கப்பட்ட எல்.எம்.எஸ். அரசு மருத்துவப் பணிக்கான கதவு ஏறக்குறைய மூடிக்கொண்டது. ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

இதற்கிடையே வீட்டில் பேரிடி. சகோதரர்கள் இருவர் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். நோயின் பெயர் வெப்பமண்டல ஸ்ப்ரூ. குடல் உணவை உறிஞ்ச முடியாமல் போய், ஓயாத பேதியும் ரத்தசோகையுமாக ஆளை உருக்கிவிடும் நோய் அது. சுப்பாராவையும் அது பிடித்தது; அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்தே கிடையாது. மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வேர்விட்டது இங்கேதான்.

பாக்டீரியா செல்லுக்குள் என்னதான் இருக்கு?

சுப்பாராவ் பின்னால் செய்த வேலை புரிய வேண்டுமானால் ஒரு பாக்டீரியாவைத் திறந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. நம் குடலில் வாழும் ஈ.கோலையை எடுத்துக்கொள்வோம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரே செல்தான், ஆனால் ஒரு தனி வீடு மாதிரி எல்லாம் இருக்கு.

வெளியே மதில் சுவர். அதுதான் செல் சுவர். பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளால் வலை போலப் பின்னியது. செல்லுக்குள் அழுத்தம் அதிகம். இந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் தண்ணீர் உள்ளே புகுந்து செல் வெடித்துவிடும். நம் உடல் செல்களுக்கு இப்படி ஒரு சுவரே கிடையாது. பென்சிலின் செய்வது, பாக்டீரியா இந்த வலையைப் பின்னும்போது முடிச்சு விழவிடாமல் தடுப்பது. அவ்வளவுதான்.

சுவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1884-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமேற்றும் முறையைச் சொன்னார். தடித்த சுவர் கொண்டவை ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். அவை கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவரும், அதற்கு வெளியே இன்னொரு கொழுப்புப் படலமும் உள்ளவை ஊதாவை விட்டுவிடும். அவை கிராம் நெகட்டிவ். இன்றும் எந்த மருத்துவமனை ஆய்வகத்திலும் இதுதான் ஆரம்பப் பாடம்.

சுவருக்கு உள்ளே செல் சவ்வு. எது உள்ளே வரணும், எது வெளியே போகணும் என்று பார்க்கும் வாசல் இது. அதற்குள் கூழ் போன்ற சைட்டோபிளாசம். நம் செல்லில் மரபுப் பொருளைப் பொதிந்து வைக்கும் உட்கரு பாக்டீரியாவில் கிடையாது. ஒரே வளையமான டி.என்.ஏ. சுருண்டு கிடக்கும். ஈ.கோலையின் டி.என்.ஏ.வைப் பிரித்து நீட்டினால் செல்லின் நீளத்தைப் போல பல நூறு மடங்கு வரும். இது போக, பிளாஸ்மிட் எனும் குட்டி டி.என்.ஏ. வளையங்களும் இருக்கலாம். சில வகைகளுக்கு நீந்த கசையிழை, ஒட்டிக்கொள்ள மயிரிழை போன்ற பிலி உண்டு.

உள்ளே ஆயிரக்கணக்கில் இருப்பவை ரைபோசோம்கள். புரதம் தயாரிக்கும் பட்டறைகள் இவை. இவை நம் செல்லிலும் உண்டு. ஆனால் அளவும் அமைப்பும் வேறு. பாக்டீரியாவின் ரைபோசோமை 70எஸ் என்பார்கள், நம்முடையது 80எஸ். இந்தச் சின்ன வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதை திரும்ப இங்கேதான் வரப்போகுது.

பாஸ்டனில் கழுவிய பாத்திரமும் கண்டுபிடித்த சக்தியும்

1922 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டன் போய் இறங்கினார். பயணச் செலவுக்கு மாமனார் கைகொடுத்திருந்தார். மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர் அதன் பிறகு இந்தியா திரும்பவே இல்லை. பிறந்த ஒரே மகனும் குழந்தையிலேயே இறந்துபோனான்.

ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர இடம் கிடைத்தது. சோற்றுக்குப் பணம் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் இரவு நேர உதவியாளராக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் படிப்பு. பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1925-ல் இருவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தை வைத்தே அளக்கும் முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தசையைத் துருவியபோது 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. 1929-ல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டறிந்திருந்தார்.

ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறைக் காசு. எந்த வேலை நடக்கணும்னாலும் இதைத்தான் செலவழிக்கணும். யானையும் இதைத்தான் செலவழிக்குது, பாக்டீரியாவும் இதைத்தான் செலவழிக்குது. நம் செல் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இதை அச்சடிக்கும். பாக்டீரியாவுக்கு அந்த உறுப்பு இல்லாததால் தன் செல் சவ்விலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளும். நமக்கும் பாக்டீரியாவுக்கும் எது பொது என்பதை சுப்பாராவின் முதல் பாதி வாழ்க்கை காட்டியது. எது வேறு என்பதைத் தேடியது இரண்டாம் பாதி.

இவ்வளவு செய்தும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவில் அங்கே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

கீரையில் இருப்பதும் பாக்டீரியா தானே செய்வதும்

லெடர்லேவில் அவர் பிடித்துக்கொண்டது, சகோதரர்களைக் கொன்ற நோயோடு தொடர்புடைய ரத்தசோகை. இந்த விஷயத்தில் முதல் தடயத்தை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கண்டிருந்தார். ரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகள் ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறினார்கள். அதில் என்ன பொருள் இருக்கிறது என்பது தெரியாமல் இருந்தது. சுப்பாராவின் குழு அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து, 1945-ல் ஆய்வகத்திலேயே செயற்கையாகவும் தயாரித்தது. அதுதான் ஃபோலிக் அமிலம். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்ந்து வருவது இதுவேதான்.

இதிலும் பாக்டீரியாவுக்கு ஒரு பங்கு உண்டு. சாற்றில் அந்தச் சத்து எவ்வளவு இருக்கு என்று அளக்க, அது இல்லாமல் வளராத ஒரு பாக்டீரியாவைத்தான் ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். பாக்டீரியா வேகமாகப் பெருகினால் சத்து நிறைய இருக்கு என்று அர்த்தம்.

அது ஒரு விதிவிலக்கான பாக்டீரியா. நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஃபோலிக் அமிலத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். நமக்கு அந்தத் திறமை இல்லை. கீரையிலும் பருப்பிலும் இருந்துதான் கிடைக்கணும். 1930-களில் வந்த சல்ஃபா மருந்துகள் இந்தத் தயாரிப்பைத்தான் முடக்குகின்றன. பாக்டீரியா பட்டினியாகும். நமக்கு ஒன்றும் ஆகாது. ஏன்னா நம்மிடம் முடக்குவதற்கு அந்தத் தயாரிப்பே இல்லை. ஃபோலிக் அமிலத்தின் வேதியமைப்பு தெரிந்தபோது சல்ஃபா எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது என்பதும் தெளிவானது.

நல்ல கிருமிக்கொல்லி மருந்துக்கு இலக்கணமே இதுதான். பாக்டீரியாவிடம் இருக்கணும், நம்மிடம் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் நம்மிடம் இருப்பது வேறு மாதிரி இருக்கணும்.

மண்ணிலிருந்து வந்த மஞ்சள் மருந்து

பென்சிலின் வந்த பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சுவர் தடித்த கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் நன்றாக எடுபட்ட அது, வெளியே கூடுதல் படலம் போர்த்திய பல கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் எடுபடவில்லை. டைபஸ் வகைக் காய்ச்சல்களிடம் சுத்தமாக எடுபடவில்லை.

சுப்பாராவ், பணி ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரை லெடர்லேவுக்கு அழைத்து வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். பல இடங்களிலிருந்து மண் மாதிரிகளை வரவழைத்து, அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வேறு கிருமிகளைக் கொல்லும் பொருள் எதையாவது சுரக்கின்றனவா என்று டக்கர் சோதித்தார். மிசூரி பல்கலைக்கழக நிலத்தின் மண்ணில் பொன் நிறத்தில் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிடைத்தது. அதுவும் பாக்டீரியாதான். அது சுரந்த மஞ்சள் பொருளுக்கு, தங்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

1948-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் இரண்டையும் அடித்தது. டைபஸ் வகைக் கிருமிகளையும் அடித்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுதான். 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி வந்தபோது மக்கள் மருந்துக் கடைகளில் முண்டியடித்துத் தேடிய டெட்ராசைக்ளினும், இன்றைய டாக்ஸிசைக்ளினும் அதன் தம்பிகள்.

சரி, இது எங்கே அடிக்குது? சுவரில் கை வைக்கவே இல்லை. நேராக உள்ளே போய் ரைபோசோமைப் பிடிக்கிறது. 70எஸ் ரைபோசோம் 30எஸ், 50எஸ் என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்தது. டெட்ராசைக்ளின் 30எஸ் துண்டில் போய் உட்கார்ந்துகொண்டு, புரதம் கட்டத் தேவையான செங்கற்கள் வந்து சேரவிடாமல் வழிமறிக்கிறது. புரதம் இல்லாமல் பாக்டீரியா பெருக முடியாது. மீதி வேலையை நம் நோய் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும்.

அது உட்காரும் இடத்தை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டிய ஆய்வு 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. நடத்தியது கேம்பிரிட்ஜில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே இருக்கும் சிதம்பரத்தில் பிறந்தவர் அவர். ரைபோசோமின் கட்டமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஸ்க்ரப் டைபஸுக்குப் பென்சிலின் ஏன் உதவாது?

இப்போது மலைக்குத் திரும்புவோம். ஸ்க்ரப் டைபஸைத் தருவது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. மற்ற பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் இதன் சுவரில் பெப்டிடோகிளைக்கான் மிகமிகக் குறைவு. பென்சிலின் வெட்ட நினைக்கும் வலையே பெயருக்குத்தான் இருக்கு. அதோடு இது நம் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும் கிருமி இல்லை. நம் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துவது. பென்சிலின் அங்கே சரியாகப் போய்ச் சேராது.

ஆனால் எந்தப் பாக்டீரியாவாக இருந்தாலும் ரைபோசோம் இல்லாமல் வாழ முடியாது. நம் செல்லுக்குள் எளிதாக நுழையும் டாக்ஸிசைக்ளின், அங்கே ஒளிந்திருக்கும் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துவிடுகிறது. அசித்ரோமைசின் என்ற இன்னொரு மருந்தும் ஸ்க்ரப் டைபஸுக்குத் தரப்படுகிறது. அது ரைபோசோமின் மற்றொரு துண்டான 50எஸ்-ஐப் பிடிக்கும். தீவிர நிலையில் உள்ளவர்களுக்கு இரண்டையும் ஊசி வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. ஒரு பட்டறையின் இரண்டு பக்கக் கதவையும் அடைப்பது மாதிரி.

பாக்டீரியா சும்மா இருக்குமா?

இருக்காது. டெட்ராசைக்ளின் உள்ளே வந்தால், அதை அப்படியே வெளியே தள்ளும் பம்புகளைச் சில பாக்டீரியாக்கள் தங்கள் செல் சவ்வில் பொருத்திக்கொண்டுவிட்டன. வேறு சில, ரைபோசோமில் ஒட்டிய மருந்தைத் தட்டிவிடும் காவல் புரதத்தைத் தயாரிக்கின்றன. இந்த வித்தைகளுக்கான குறிப்பு பெரும்பாலும் பிளாஸ்மிட் போன்ற, இடம் மாறக்கூடிய டி.என்.ஏ. துண்டுகளில் இருக்கும். ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்து பாக்டீரியாவுக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம். இன்னொரு இனத்துக்குக்கூட கொடுக்கலாம்.

அதனால்தான் காய்ச்சல் என்றதும் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. வைரஸுக்குச் செல் சுவரும் கிடையாது, சொந்த ரைபோசோமும் கிடையாது. வைரஸ் காய்ச்சலுக்குப் போட்ட கிருமிக்கொல்லி நோயைத் தொடாது. குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஸ்க்ரப் டைபஸில் ஆபத்து இன்னொரு விதம். ஏதோ ஓர் ஊசி போட்டாச்சு, சரியாகிடும் என்று வீட்டில் இருந்தால் நாள் கடந்துவிடும். காடு கரைக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் கறுப்புப் பொருக்கு இருக்கா என்று பார்க்கணும். வலிக்காது என்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லணும்.

கடைசியில் வந்து சேர்ந்த மருந்து

1948 ஆகஸ்டில், ஆரியோமைசின் வெளியுலகுக்குத் தெரிந்த அதே ஆண்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலேயே அங்கு வாழ்ந்து முடித்தார். தன் ஆய்வகத்தின் கண்டுபிடிப்புகளில் தன் பெயரை முன்னால் நிறுத்திக்கொள்ளாதவர் என்பதால் வெளியே பெரிதாகப் புகழ் இல்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குச் சிட்னி ஃபார்பர் முதன்முதலில் பலன் கண்ட அமினோப்டெரின், யானைக்கால் நோய் ஒழிப்பில் நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை இரண்டுமே அவர் நடத்திய ஆய்வகத்திலிருந்து வந்தவை. இந்திய அரசு 1995-ல், அவர் பிறந்து நூறாண்டு ஆனபோது அஞ்சல் தலை வெளியிட்டது.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட தமிழகத்தின் 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12-ல் திறந்துவைக்கப்பட்டன. தற்செயல்தான், ஆனால் அது சுப்பாராவின் பிறந்தநாள். அங்கே படிக்கும் மாணவர்கள் முதல் ஆண்டில் ஏ.டி.பி.யையும், அடுத்த ஆண்டில் டெட்ராசைக்ளினையும் படித்துத்தான் மேலே போகணும்.

அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ என்ன ஆச்சு? 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் அது கொள்ளை நோயாகப் பரவியதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். சிறுகுடலில் பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதற்கு அதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. இன்று அந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று ஃபோலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின். இரண்டும் லெடர்லேவில் சுப்பாராவ் பொறுப்பில் இருந்த காலத்தில் பிறந்தவை.